பழைய ஜப்பானிய உருஷிப் பாத்திரங்கள்: பொன்னைப் பார்க்கும் முன் அடியைத் திருப்பிப் பாருங்கள்

ஒசாக்காவில் சில ஆண்டுகளாகப் பணிபுரியும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. கியோத்தோவின் தோ-ஜி கோயிலில் மாதந்தோறும் 21-ஆம் தேதி கூடும் சந்தையில், உருஷி என்னும் மரப்பால் பூசிக் கறுப்பும் சிவப்புமாகப் பளபளக்கும் பழைய மரக் கிண்ணங்களையும் பொன் சித்திரம் தீட்டிய பெட்டிகளையும் அவர் தொடர்ந்து பார்த்துவருகிறார். பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் இரண்டு பெட்டிகளில் ஒன்றுக்குச் சில ஆயிரம் யென்னும் மற்றொன்றுக்குச் சில இலட்சம் யென்னும் விலை சொல்கிறார்கள். எதிலிருந்து தொடங்குவது, அசலை எப்படி அறிவது, பின்னாளில் கோவைக்கு எடுத்துச் சென்றால் கெடாமல் இருக்குமா என்பன அவருடைய ஐயங்கள்.

முதலிலேயே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். சேகரிக்கத் தொடங்குபவர் பொன் வேலைப்பாடுள்ள பெட்டியை வாங்கக் கூடாது. மூடியுள்ள சூப்புக் கிண்ணங்களை, அதுவும் ஐந்தோ பத்தோ சேர்ந்த ஒரே தொகுதியாக, வாங்க வேண்டும். இத்தகைய பொருள்களின் தரம் கண்ணுக்குத் தெரியும் மேற்பூச்சிலோ அதன்மேல் தூவிய பொன்னிலோ இல்லை. அவற்றுக்கு அடியில் மறைந்திருக்கும் அடிப்பூச்சிலும் மரத்திலும்தான் இருக்கிறது. பெட்டி அலமாரியில் இருந்தபடியே நூறாண்டுகளைக் கழித்திருக்கும். கிண்ணமோ சூடான குழம்பையும் கழுவும் நீரையும் ஆயிரம் கைகளையும் தாங்கியிருக்கும். அதன் அடிப்பூச்சு நல்லதா, மட்டமா என்பதை அந்தப் புழக்கமே வெளிப்படுத்திவிடும். ஒரே கையால் ஒரே காலத்தில் செய்யப்பட்ட பத்துக் கிண்ணங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது கண் பழகும் வேகம், தனித்தனியாகப் பத்துப் பெட்டிகளைப் பார்ப்பதால் வராது.

அடிப்பூச்சைப் பற்றிப் பேசுவதற்கு முன் பொருளைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். உருஷி என்பது ஒரு மரத்தின் பால். அந்த மரம் மாவும் முந்திரியும் அடங்கிய அதே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தது. முந்திரிக்கொட்டை உடைப்பவர்களின் கையைப் புண்ணாக்கும் எண்ணெய்க்கு நெருங்கிய உறவான உருஷியால் என்னும் சேர்மம்தான் அந்தப் பாலின் முக்கியக் கூறு. பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் வளர்ந்த மரத்தில் கோடைத் தொடக்கம் முதல் இலையுதிர் காலம் வரை பால்வெட்டினால் ஏறத்தாழ 200 கிராம் கிடைக்கும். அதன் பிறகு ஜப்பானிய வழக்கப்படி அந்த மரத்தையே வெட்டிவிடுவார்கள். இன்று ஜப்பானில் பயன்படும் உருஷியின் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகிறது. உள்நாட்டு உருஷியில் பெரும்பங்கு இவாத்தே மாகாணத்தின் ஜொபோஜி பகுதியில் எடுக்கப்படுகிறது. நம் ஊரில் மரப் பொம்மைகளுக்கும் வளையல்களுக்கும் பயன்படும் அரக்கு பூச்சியிலிருந்து கிடைப்பது. அது சூட்டில் இளகும், சாராயத்தில் கரையும். நன்றாக இறுகிய உருஷியை இவ்விரண்டும் ஒன்றும் செய்யா.

உருஷி வெயிலிலோ காற்றிலோ உலர்வதில்லை. அதிலுள்ள லாக்கேஸ் என்னும் நொதி, காற்றின் ஆக்சிஜனைக் கொண்டு உருஷியாலின் மூலக்கூறுகளைப் பின்னிப் பிணைப்பதால்தான் அது இறுகுகிறது. இந்த நொதியை 1883-இல் முதன்முதலாக ஆராய்ந்து எழுதியவர் யொஷிதா ஹிகொரொகுரோ என்னும் ஜப்பானிய வேதியியலாளர். நொதி வேலை செய்ய 20 முதல் 30 பாகை செல்சியஸ் வெப்பமும், 70 முதல் 85 விழுக்காடு ஈரப்பதமும் வேண்டும் என்பதால், பூசிய பாத்திரத்தை ஈரப்படுத்திய மர அலமாரிக்குள் வைத்து இறுக வைப்பார்கள். இப்படி இறுகிய பூச்சின் வலிமைக்கு ஒரு சான்று உண்டு. 1873-இல் வியன்னாவில் நடந்த உலகக் கண்காட்சிக்குச் சென்ற ஜப்பானியக் கலைப்பொருள்களை ஏற்றித் திரும்பிய நில் என்னும் பிரெஞ்சுக் கப்பல், 1874 மார்ச்சில் இசு தீபகற்பத்தை ஒட்டி மூழ்கியது. கடலடியில் கிடந்து பின்னர் மீட்கப்பட்ட உருஷிப் பொருள்கள் பெரிதாகப் பழுதடையாமல் இருந்தன. உப்புநீரையே தாங்கும் இந்தப் பூச்சு ஒன்றுக்கு மட்டும் அஞ்சும்: அது வெயில். பராமரிப்பைப் பற்றிச் சொல்லும்போது இதற்குத் திரும்ப வருகிறேன்.

இனி அடிப்பூச்சு. இஷிகாவா மாகாணத்தின் நோத்தோ தீபகற்பத்தில் உள்ள வாஜிமா ஊரின் வேலை இதற்கு அளவுகோலாகக் கருதப்படுகிறது. அங்கே கிண்ணத்தின் விளிம்பு, அடிவளையம் ஆகிய உடையக்கூடிய இடங்களில் உருஷியில் நனைத்த துணியை ஒட்டுவார்கள். அதன்மேல், அவ்வூர் மலையில் கிடைக்கும் நுண்பாசி மண்ணைச் சுட்டுப் பொடித்து உருஷியோடு குழைத்த கலவையை, பருபொடியில் தொடங்கி நுண்பொடி வரை அடுக்கடுக்காகப் பூசி, ஒவ்வோர் அடுக்கும் இறுகிய பின் தேய்ப்பார்கள். அந்த மண்துகள்களின் நுண்துளைகளுக்குள் உருஷி புகுந்து இறுகுவதால் அடிப்பூச்சு கல்லுக்கு நிகராகிவிடுகிறது. மலிவான பொருள்களில் இவ்வளவு உருஷியைச் செலவிட முடியாது என்பதால், பெர்சிமன் காயின் துவர்ப்புச் சாற்றில் கரித்தூளைக் குழைத்தோ, விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய வச்சிரத்தில் மண்ணைக் குழைத்தோ அடிப்பூச்சிட்டு, மேலே மட்டும் மெல்லிதாக உருஷி பூசுவது வழக்கமாக இருந்தது. பெர்சிமன் அடிப்பூச்சைக் குறைசொல்ல மாட்டேன். நாட்டுப்புற வீடுகளில் தலைமுறை தாண்டி உழைத்த கிண்ணங்கள் பல அவ்வகைதான். வச்சிர அடிப்பூச்சு மட்டும் சேகரிப்பவருக்கு எதிரி. விளிம்பில் மயிரிழை விரிசல் ஒன்று விழுந்து நீர் உள்ளே போனால் வச்சிரம் ஊறி விட்டுவிடும்; மேற்பூச்சு தகடுதகடாக உரிந்து வரும்.

இந்த வேறுபாட்டைக் கடையில் நின்றபடி எப்படி அறிவது? கிண்ணத்தைக் கவிழ்த்து அடிவளையத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். நல்ல அடிப்பூச்சுள்ள கிண்ணத்தில் அடிவளையம் தேய்ந்திருந்தாலும், அந்தத் தேய்மானம் படிப்படியாக இருக்கும்: முதலில் கறுப்பு மேற்பூச்சு, அதற்குள் மங்கிய பழுப்பு நிற மண்பூச்சு, சில வேளை அதற்குள் துணியின் நெசவுக்கோடுகள், கடைசியாக மரம். வயல்வெளியில் மண்ணடுக்குகளைக் காட்டும் கிணற்றுச் சுவர்போல அந்த ஒரு வளையத்தில் முழு வேலையும் தெரியும். மட்டமான கிண்ணத்தில் தேய்மானம் இருக்காது, உரிதல் இருக்கும். உரிந்த இடத்தின் ஓரம் கூர்மையாக, பெயர்ந்த பெயின்ட்டின் ஓரம்போல நிற்கும். நகத்தால் தொட்டால் தூளாக உதிரும். அடுத்ததாக விளிம்பை விரல்நுனியால் ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள். மரம் பல பத்தாண்டுகளில் சிறிது சுருங்குவதால், கடைந்த மரத்தின் இழையோட்டமோ ஒட்டிய துணியின் விளிம்போ மேற்பூச்சின் கீழே மெல்லிய அலையாகத் தட்டுப்படும். விற்பவர்கள் இதைக் குறையாகக் கருதி மன்னிப்புக் கேட்பதுண்டு. என்னைப் பொறுத்தவரை, உள்ளே மரம் இருக்கிறது, அது வயதாகியிருக்கிறது என்பதற்கு இதைவிடக் கண்கூடான சான்று வேண்டியதில்லை.

மரமே இல்லாத கிண்ணங்களும் சந்தையில் நிறைந்திருக்கின்றன. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய காலத்தில், குறிப்பாக இஷிகாவாவின் யமனக்கா போன்ற ஊர்களில், பிளாஸ்டிக்கையோ மரத்தூள் கலந்த பிசினையோ அச்சில் வார்த்து, அதன்மேல் யூரித்தேன் என்னும் செயற்கைப் பூச்சிடும் தொழில் பெருகியது. முந்திரிக்கொட்டை எண்ணெயிலிருந்து செய்யும் கஷ்யூ என்னும் பூச்சும் உருஷிக்கு மாற்றாகப் புழங்கியது. பார்வைக்கு அது உருஷிக்கு மிக நெருக்கமானது. 1962-இல் இயற்றப்பட்ட வீட்டுப் பொருள்களின் தரக் குறிப்புச் சட்டத்தின்படி, இத்தகைய பொருள்களின் ஒட்டுச்சீட்டில் உள்ளீடு என்ன, மேற்பூச்சு என்ன என்று எழுத வேண்டும். எனவே பெட்டிக்குள் அந்தச் சீட்டு கிடந்தால் அதை ஜப்பானிய நண்பரிடம் காட்டிப் படித்துக்கொள்ளுங்கள். பாதிச் சந்தேகம் அங்கேயே தீரும். சீட்டு இல்லாதபோது, அளவுக்கு மீறிய கனம், மூடியின் உட்புறத்தில் அச்சு இணைந்த கோடு, எல்லாக் கிண்ணங்களும் மயிரிழை வேறுபாடின்றி ஒரே அளவாக இருப்பது ஆகியவற்றைக் கவனியுங்கள். கடைந்தெடுத்த மரக்கிண்ணங்கள் பத்தில் இரண்டு மூன்று மூடிகளாவது காலப்போக்கில் சற்றுக் கோணி, தத்தம் கிண்ணத்தில் மட்டுமே சரியாகப் பொருந்தும்.

பொன் வேலைக்கு வருவோம். ஈரமான உருஷியால் கோடு வரைந்து, அது இறுகும் முன் பொன்தூளைத் தூவி ஒட்டவைப்பதே மக்கி-எ. சித்திரம் பரப்போடு சமமாக இருந்தால் ஹிரா மக்கி-எ. அடியில் மேடிட்டுப் புடைப்பாக்கினால் தகா மக்கி-எ. தூவிய பொன்னின்மேல் மறுபடியும் உருஷி பூசி, கரியால் தேய்த்துச் சித்திரத்தை வெளிக்கொணர்ந்தால் தொகிதாஷி மக்கி-எ. தடவிப் பார்த்தால் சித்திரம் இருப்பதே விரலுக்குத் தெரியாது. இம்மூன்றையும் பெயர்சொல்லிப் பிரிக்கக் கற்பதைவிட, தூளின் வகையைக் காணக் கற்பது வாங்குபவருக்கு அதிகம் பயன்படும். பொன்னை அரத்தால் அராவி உருட்டிய மருஃபுன் என்னும் தூள் பருமனானது. அதன்மேல் உருஷி பூசி மெருகேற்றினால் உலோகத்தின் ஆழ்ந்த பளபளப்பு வரும், எளிதில் தேயாது. பொன்தகட்டை நொறுக்கிய கெஷிஃபுன் என்னும் தூள் மாவுபோல நுண்மையானது; குறைந்த பொன்னில் நிறைந்த பரப்பை மூடும், மங்கலான மென்மஞ்சள் ஒளி தரும், துணியால் துடைக்கத் துடைக்கப் போய்விடும். ஃபுக்குஷிமாவின் ஐசு பகுதி வேலைகளில் இந்த இரண்டாம் வகை மிகுதி. ஆகவே, பொன் தேய்ந்திருப்பதைக் கண்டதும் போலி என்று ஒதுக்கிவிடக் கூடாது.

போலியைக் காட்டிக்கொடுப்பது நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் பத்து மடங்கு உருப்பெருக்கும் லென்ஸ்தான். கையால் செய்த மக்கி-எயில் ஒரு மூங்கில் இலையைப் பார்த்தால், காம்பருகே தூள் நெருங்கியும் நுனியை நோக்கிக் கலைந்து கலைந்தும் கிடக்கும். கோடு தொடங்கும் இடத்தில் தூரிகையில் தேங்கிய உருஷியால் சிறு தடிப்பு இருக்கும். பட்டுத்திரை அச்சில் அடித்த சித்திரத்தில் கோட்டின் ஓரம் நுண்ணிய படிக்கட்டாக இருக்கும், தூளின் நெருக்கமும் எங்கும் ஒன்றாக இருக்கும். தொகுதியாக வாங்குவதன் பயன் இங்கும் உண்டு: ஐந்து கிண்ணங்களின் மூடிகளை வரிசையாக வைத்து ஒரே நாரையின் ஒரே இறகை ஒப்பிட்டால், கைவேலையில் ஐந்தும் சகோதரர்களாக இருக்குமே தவிர ஒன்றின் நகலாக மற்றொன்று இராது. பொன்னுக்குப் பதிலாகப் பித்தளைத் தூள் தூவியிருந்தால் ஓரங்கள் பழுப்பாகவோ பச்சையாகவோ கறுத்திருக்கும். வெள்ளியும் கறுக்கும், ஆனால் நிலவையும் நீரலைகளையும் வெள்ளியால் தீட்டும் மரபு இருப்பதால் அந்தக் கறுப்பைக் குறையாக எண்ண வேண்டாம், தேய்த்து வெளுக்க முயலவும் வேண்டாம்.

நெகொரோ என்ற பெயரில் விற்கப்படும், சிவப்பு தேய்ந்து அடியிலுள்ள கறுப்பு தெரியும் தட்டுகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இன்றைய வக்கயாமா மாகாணத்தில் உள்ள நெகொரோ-ஜி மடத்தோடு தொடர்புடைய இந்த அழகு, துறவிகளின் அன்றாடப் புழக்கத்தால் தானாக வந்தது. 1585-இல் ஹிதெயொஷி என்னும் போர்த்தலைவரின் படை அந்த மடத்தை எரித்தது. பிற்காலத்தில் அதைப்போலவே சிவப்பைத் தேய்த்துச் செய்தவை ஏராளம். தேய்மானம் கை படும் விளிம்பிலும் பிடியிலும் இருக்கிறதா, அல்லது பார்ப்பதற்கு அழகான நடுப்பரப்பில் மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். பின்னது என்றால் நெகொரோ பாணி என்ற விலைதான் கொடுக்க வேண்டும்.

அடுத்து, பொருளோடு வரும் மரப்பெட்டி. பவுலோனியா என்னும் கனமற்ற மரத்தில் செய்த பெட்டியும் அதன் மூடியில் மையால் எழுதிய எழுத்தும் ஜப்பானியச் சேகரிப்பில் பொருளின் ஒரு பகுதியாகவே மதிக்கப்படுகின்றன. செய்தவரே எழுதி முத்திரையிட்ட பெட்டி தொமொபாக்கோ. பின்னாளில் அளவு பார்த்துச் சேர்த்த பெட்டி அவசெபாக்கோ. வீட்டுக் கிண்ணத் தொகுதிகளின் பெட்டிகளில் பெரும்பாலும் கலைஞரின் பெயர் இருக்காது; என்ன பொருள், எத்தனை பேருக்கு, எந்த ஆண்டு, எந்த வீட்டார் என்றுதான் இருக்கும். ஆண்டு அரசர் காலக் கணக்கில் இருந்தால் மெய்ஜி ஆண்டோடு 1867-ஐயும், தைஷோ ஆண்டோடு 1911-ஐயும், ஷோவா ஆண்டோடு 1925-ஐயும் கூட்டிக்கொள்ளுங்கள். அது வாங்கிய ஆண்டாக இருக்கலாம், பெட்டி வேறொன்றிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம் என்பதால், பொருள் பெட்டிக்குள் பிசகின்றிப் பொருந்துகிறதா என்று உறுதிசெய்த பிறகே தேதியை நம்புங்கள். அமெரிக்காவுக்கு ஏற்றுமதியான பொருள்களில், ஆக்கிரமிப்பிலுள்ள ஜப்பானில் செய்யப்பட்டது என்ற ஆங்கில முத்திரை இருந்தால், அது போருக்குப் பிந்தைய 1947 முதல் 1952 வரையிலான சரக்கு.

கையொப்பத்தைக் கடைசிச் சான்றாகவே வையுங்கள். இடுப்பில் தொங்கவிடும் இன்ரோ என்னும் சிறு அடுக்குப் பேழைகளில் கஜிக்காவா, கோமா ஆகிய குடும்பப் பெயர்கள் ஏராளமாகக் காணப்படுகின்றன. பட்டறையின் பெயராகத் தலைமுறைகள் பயன்படுத்தியதும் உண்டு, பிறர் துணிந்து எழுதியதும் உண்டு. 1807 முதல் 1891 வரை வாழ்ந்த உருஷிக் கலைஞர் ஷிபாதா ஸெஷினின் பெயர் உயிரோடிருந்தபோதே புகழ்பெற்றது என்பதால், அந்தப் பெயர் தாங்கிய பொருளைச் சந்தைக் கடையில் கண்டால் கையொப்பத்தை மறைத்துவிட்டு வேலையை மட்டும் பார்த்து விலையை முடிவுசெய்வதே அறிவுடைமை.

விலையில் இத்தனை வேறுபாடு ஏன் என்ற கேள்விக்கு வரலாறு விடை தரும். திருமணம், இழவு, நினைவுநாள் ஆகியவற்றை வீட்டிலேயே நடத்திய காலத்தில், வசதியுள்ள குடும்பங்கள் இருபது பேருக்கும் முப்பது பேருக்கும் போதுமான கிண்ணங்களையும் கால்வைத்த தட்டுகளையும் வாங்கிக் களஞ்சியத்தில் வைத்திருந்தன. சடங்குகள் மண்டபங்களுக்குப் போன பிறகு அவற்றுக்கு வேலையில்லை. பழைய வீடுகள் காலியாகும்போது அவை மொத்தமாகச் சந்தைக்கு வருகின்றன, வாங்கக் குடும்பங்கள் இல்லை. புதிதாகச் செய்ய ஆகும் செலவில் ஒரு சிறு பங்குக்கே நல்ல கிண்ணம் கிடைப்பது இதனால்தான். இதை முதலீடு என்று எண்ணி வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். மறுமுனையில், அரண்மனைகளுக்காகச் செய்யப்பட்ட பொருள்களின் உலகம் வேறு. 1640-ஐ ஒட்டிக் கியோத்தோவில் செய்யப்பட்டு ஐரோப்பாவுக்குப் போன ஒரு பேழையை, 1970-இல் இலண்டனில் 100 பவுண்டுக்கு வாங்கிய பிரெஞ்சுப் பொறியாளர் ஒருவர், அதைத் தொலைக்காட்சிப் பெட்டி வைக்கவும் பின்னர் மதுப்புட்டிகள் வைக்கவும் பயன்படுத்தினார். 2013-இல் ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம் அதை 73 இலட்சம் யூரோவுக்கு ஏலத்தில் எடுத்தது. இந்தக் கதையைக் கேட்டு யாரும் சந்தையில் புதையல் தேடப் புறப்பட வேண்டாம்.

விற்பவர்கள் கோரமண்டல் என்று பெயர் சொல்லிக் காட்டும் பெரிய மடக்குத் திரைகள் ஜப்பானியவை அல்ல, சீன வேலைப்பாடுகள். நம் சோழமண்டலக் கரைத் துறைமுகங்கள் வழியாகக் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போனதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

வாங்கும் முன் கண்ணைப் பழக்க, தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் உருஷிப் பொருள்களுக்கென்றே உள்ள அறையையும், நகோயாவின் தொக்குகாவா அருங்காட்சியகத்தையும் பாருங்கள். அன்று நாட்டை ஆண்ட ஷோகுன் என்னும் படைத்தலைவரின் மகளும் 1639-இல் மணமானவருமான சியொஹிமேயின் சீர்வரிசை பின்னதில்தான் இருக்கிறது. வாஜிமாவுக்குப் போக விரும்பினால் நிலைமையை விசாரித்துவிட்டுச் செல்லுங்கள்; 2024 ஜனவரி 1 அன்று நேர்ந்த நிலநடுக்கத்தில் ஊரின் காலைச்சந்தைத் தெரு தீக்கிரையாகி, பட்டறைகள் பலவும் அழிந்தன.

கோவையில் கெடாமல் இருக்குமா என்ற கேள்விக்கு விடை, எங்கே வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. புற ஊதா ஒளி பட்டால் உருஷியின் மேற்பரப்பு மங்கி, நுண்விரிசல் கண்டு, பின் நீர் பட்டாலே கறை விழும் நிலைக்கு வந்துவிடும். இந்தச் சிதைவைத் திருப்ப முடியாது. ஆகவே சன்னலை நோக்கிய கண்ணாடி அலமாரி ஆகாது; அருங்காட்சியகங்களே 50 லக்ஸ் அளவுக்கு மேல் வெளிச்சம் காட்டத் தயங்குகின்றன. ஈரப்பதம் 50 முதல் 60 விழுக்காட்டில் நிலையாக இருப்பது நல்லது. அதிக ஈரத்தை விட, இரவெல்லாம் குளிர்சாதனத்தில் உலர்ந்து பகலில் மீண்டும் ஈரமாகும் ஏற்றத்தாழ்வே மரத்தை விரியவும் சுருங்கவும் வைத்து இணைப்புகளைப் பிளக்கும். மென்தாளில் சுற்றி, அதன் மரப்பெட்டிக்குள் வைத்து, குளிர்சாதனம் இல்லாத அறையின் உட்சுவரை ஒட்டிய அலமாரியில் வையுங்கள். மழைக்காலத்தில் அவ்வப்போது திறந்து பூசணம் இருக்கிறதா என்று பாருங்கள்.

கிண்ணங்களைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். வெதுவெதுப்பான நீரில் மென்துணியால் கழுவி உடனே துடைத்தால் போதும். ஊறவைத்தல், மைக்ரோவேவ், பாத்திரம் கழுவும் இயந்திரம், தேய்க்கும் நார் ஆகிய நான்கும் கூடாது. எண்ணெயோ மரச்சாமான் மெருகோ பூசாதீர்கள். களஞ்சிய வாடை அடித்தால் அரிசிப் பானைக்குள் சில நாள் புதைத்து வைப்பது ஜப்பானிய வீடுகளின் பழைய வழக்கம். பழைய பூச்சு முழுமையாக இறுகியிருக்கும் என்பதால் தோலில் தடிப்பு வரும் அச்சம் வேண்டாம். உருஷி கொண்டு புதிதாகப் பழுதுபார்த்ததாக இருந்தால் சில மாதங்கள் பொறுத்துப் பயன்படுத்துவது நல்லது. சிதைந்த அன்றாடக் கிண்ணத்துக்கு மறுபூச்சு இடுவது அங்கே இயல்பான செயல், அதற்கென்று பட்டறைகள் உள்ளன. பொன் வேலையுள்ள பழம்பொருளுக்கு மட்டும் மறுபூச்சு வேண்டாம். பெயர்ந்த துணுக்குகளைத் தாளில் மடித்துப் பத்திரப்படுத்திப் பழுதுநீக்கும் வல்லுநரிடம் கொடுங்கள். கடையில் கிடைக்கும் பசையைக் கொண்டு நீங்களே ஒட்டினால் பின்னர் அதை எடுப்பதே பெரிய வேலையாகிவிடும்.

இன்ரோ வாங்கும் ஆசை வந்தால், அதன் கயிற்று முனையிலுள்ள நெட்ஸ்கே பொம்மை யானைத்தந்தமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆமையோட்டுப் பதிப்பும் அப்படியே. இவற்றை எல்லை கடத்துவதைப் பன்னாட்டு உடன்படிக்கை கட்டுப்படுத்துகிறது. இந்தியச் சட்டமும் யானைத்தந்த வணிகத்தையும் இறக்குமதியையும் தடை செய்திருப்பதால், விற்பவர் எவ்வளவு பழையது என்று சொன்னாலும் சுங்கத்தில் அது செல்லாது. மரத்தாலான நெட்ஸ்கேயுடன் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள், அல்லது நெட்ஸ்கேயைப் பிரித்து ஜப்பானிலேயே விட்டுவிட்டு இன்ரோவை மட்டும் கொண்டுவாருங்கள்.